ஒரு பையில் இரண்டு செடி

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பேருந்தில் ஏறியபோது பூவாளியக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கை மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததில் முதுகு கொஞ்சம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஜன்னலோர இடமும் கிடைத்தது. சீட்டுக் கொடுக்க வந்த கண்டக்டர் இவரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“அக்கா, கீரைக்கு ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

“எந்தக் கீரை?”

“அதான்க்கா, நேத்து சாயங்காலம் உங்க வீட்டு அண்ணன் டிப்போவுக்குக் கொண்டாந்தாரே, பொன்னாங்கண்ணி. கட்டு கட்டா. ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. உங்க நர்சரியில வெளைஞ்சதாமே?”

“எவ்ளோ கொண்டாந்தாரு?”

“மூணு சாக்குக்கா. டிப்போவே பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு.”

நாற்றங்கால் நிறுத்தத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் தன் காலால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே வந்ததாக இப்போது சிரித்தபடி சொல்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

வனத்துறை நாற்றங்காலில் அவருக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் சட்டை மடிக்கிற வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதை மடித்து வைப்பார். அடுத்தவர் வந்து பிரிப்பார். எட்டு வருஷம் நின்றதில் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. மண் நிரப்ப ஆள் தேவை என்று யாரோ சொல்ல, இங்கே வந்து சேர்ந்தார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து சிறு பிளாஸ்டிக் பைகளில் நிரப்ப வேண்டும். முதல் நாள் முந்நூறு பைதான் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பைக்காரம்மா, அவருக்கும் அந்த வேலையில்தான் பெயரே வந்தது, ஊர்க்கதை பேசிக்கொண்டே தொள்ளாயிரத்தை முடித்தார். “சட்டையா மடிக்கிறே? தட்டு, தட்டு, மூணு தட்டுத் தட்டிட்டுத் தூக்கிப் போடு” என்றாராம்.

நான்காம் வருஷம் கையில் பூவாளி வந்தது. அதன் பிறகு அந்தப் பூவாளியை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. குழாய் போட்டுக் கொடுத்த பிறகும் இளம் நாற்றுக்குப் பூவாளிதான் வேண்டும் என்று பிடிவாதம். குழாய்த் தண்ணீர் மண்ணைக் குழி பறிக்கிறது, பூவாளித் தண்ணீர் படுக்க வைக்கிறது என்பார். எந்தப் பைக்குத் தாகம் என்பதைக் கண்ணால் பார்க்க மாட்டார். ஒரு பையை உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார், கனம் சொல்லிவிடும். பாத்திகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவதற்குப் பேருந்துக் கண்டக்டரான கணவரின் பழைய டிக்கெட் புத்தக அட்டைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருகி வைத்திருப்பார். புதிதாக வந்த ரேஞ்சர் மேடம் முதல் நாள் ஒரு பாத்தியின் முன் நின்று “இது என்ன மரம், நாற்பத்தியேழு பி?” என்று கேட்டார். அது பேருந்தின் எண்; அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் ‘புங்கம்’ என்று இருந்தது.

கதை அந்த ரேஞ்சர் மேடத்திடம்தான் தொடங்குகிறது. இது சின்ன நாற்றங்கால். நாற்பது கிலோமீட்டர் தள்ளி யந்திரங்களோடு ஒரு பெரிய நாற்றங்கால் இருக்கிறது. இதை மூடி அதோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. மூடினால் பூவாளியக்காவுக்கு மரக்கிடங்கு வாசலில் நின்று லாரிகளின் சீட்டைச் சரிபார்க்கிற வேலை. “அங்க ஒரு செடி கூட இல்ல, எல்லாம் வெட்டினது” என்றார் அவர், மேடத்திடமே. பெரிய நாற்றங்காலில் சரியாக வராத ஒரு மரத்தை இங்கே வரவழைத்துக் காட்டினால் மூடச் சொல்ல மாட்டார்கள் என்பது மேடத்தின் கணக்கு. அந்த மரம் சந்தனம்.

முதல் வருஷம் விதைத்ததை எலி தின்றது. மேட்டுப்பாத்தி முழுக்க விதையின் ஓடு மட்டும் கிடந்தது. இரண்டாம் வருஷம் கம்பி வலை போட்டு முளைக்க வைத்து, நாலு இலை வந்ததும் பைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் மஞ்சளாகி நின்றன. பூவாளியக்கா எரு போட்டார், மண் மாற்றினார், நிழல்வலையை ஏற்றினார், இறக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஓரத்து வரிசையில் ஒரு பதினேழு பை மட்டும் திமிராகப் பச்சையாக இருந்தது. ஏன் என்று குனிந்து பார்த்தால், வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணி படர்ந்து வந்து அந்தப் பைகளுக்குள் வேர் விட்டிருந்தது. ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவினார். சந்தனத்தின் வேர் கீரையின் வேரைப் பல இடத்தில் கவ்விக்கொண்டிருந்தது. கவ்விய இடத்தில் கடுகளவு முடிச்சு. சந்தனம் தன் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடும் என்று அன்று தெரிந்தது. மேடம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆமாக்கா, துணைச்செடி வேணும்னுதான் போட்டிருக்கு. நான்தான் படிக்காம விட்டுட்டேன்” என்றார். அப்படிச் சொல்கிற அதிகாரியை அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் பூவாளியக்காவுக்கு அவரை அன்றே பிடித்துப்போயிற்று.

மூன்றாம் வருஷம், மூவாயிரத்து அறுநூறு பை. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சந்தனம், ஓரத்தில் ஒரு பொன்னாங்கண்ணி. கீரை மேலே ஏறிச் சந்தனத்தை மூடாமல் பத்து நாளைக்கு ஒருமுறை கத்தரித்துவிட வேண்டும். ஐந்து மாதம் எல்லாம் சரியாகப் போனது. மூவாயிரம் தேறினால் நாற்றங்கால் பிழைக்கும். இதுதான் கடைசி வாய்ப்பு என்று மேலிடம் எழுத்திலேயே கொடுத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மகளுக்கு வலி எடுத்தது. பைக்காரம்மாவுக்குச் சனி, ஞாயிறு விடுப்பு. ஆகவே தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

கணவரை எல்லோரும் கண்டக்டர் என்பார்கள். முப்பத்தோரு வருஷம் பேருந்தில் சீட்டுக் கிழித்து, ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் லாரி வந்தால் தெருப் பெண்களை வரிசையில் நிறுத்தி, “முன்னாடி போம்மா, முன்னாடி எடம் இருக்கு” என்பார். சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்ததில், உப்பைத் தேட மனைவிக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பூவாளியக்கா அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “காலையில தண்ணி, சாயங்காலம் தண்ணி. எலி பாருங்க. கேட்டைப் பூட்டுங்க.” கீரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டார். தெரிந்ததே ஐந்தாறு பேருக்குத்தான்.

திங்கட்கிழமை காலை பூவாளியக்கா பேருந்திலிருந்து இறங்கியபோது கண்டக்டர் நாற்றங்கால் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை, முகத்தில் பெருமை வழிந்தது.

“வா வா. கொழந்தை எப்படி இருக்கு? சரி, மொதல்ல இதப் பாரு.”

பூவாளியக்கா பார்த்தார். வரிசை வரிசையாகப் பைகள், துடைத்து வைத்ததுபோல். ஒவ்வொரு பையிலும் ஒற்றைச் செடி.

“என்ன குப்பையா வெச்சிருந்தே! ஒவ்வொரு பையிலயும் ரெண்டு ரெண்டு. ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேரு. என் சர்வீஸ்ல நான் அனுமதிச்சதே இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில ஒக்காந்தேன், சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எறக்கிட்டேன். கடைசி நாலு வரிசைதான் பாக்கி. சாக்கு ரொம்பிடுச்சு.”

பூவாளியக்கா பூவாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டருக்கு அதுதான் பயமாக இருந்தது.

“என்ன, தப்பா எதாச்சும்? திட்டிடேன்.”

“திட்டறதுக்கு நேரம் இல்லீங்க.”

“அது களைதானே?”

“நீங்க எறக்கி விட்டது டிக்கெட் இல்லாதவன இல்ல. டிரைவர.”

நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அறுபது வயது மனிதர், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “உன் வேலையும் போச்சா?” என்றார். தன் வேலை முடிந்த நாளில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

பூவாளியக்கா எழுந்துபோய் ஒரு பையை எடுத்துக் கிழித்தார். மண்ணை உதிர்த்து, தொட்டியில் வேரை மெதுவாக அலசினார். பக்கவேர் சிலது அறுந்திருந்தது. ஆணிவேர் முழுசாக இருந்தது. இன்னொரு பை. அதிலும் முழுசு.

“எப்படிப் புடுங்கினீங்க?”

“எப்படின்னா... மொதல்ல சும்மா இழுத்தேன். வரல, அறுந்துச்சு. அப்புறம் நீ தண்ணி ஊத்தச் சொன்னியே, ஊத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா வெண்ணெயில கத்தி எறங்கின மாதிரி வந்துச்சு. அதனால ஒரு வரிசைக்குத் தண்ணி, ஒரு வரிசைக்குப் புடுங்கல்.”

மண் ஊறியிருந்ததால் வேர் பிழைத்தது. முதல் மூச்சு அப்போதுதான் வந்தது. மேடத்துக்கு உடனே போன் செய்து, ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார்.

“அக்கா, மறுபடி நட்டா பிடிக்குமா?”

“பொன்னாங்கண்ணி காம்பு கெடைச்சா பிடிக்கும் மேடம். இன்னிக்கே நடணும். சந்தனம் ரொம்ப நாள் தாங்காது.”

“மூணு வாரம் கழிச்சு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மேல ஒண்ணும் எழுத மாட்டேன்.”

மூவாயிரத்து இருநூறு பைக்குக் காம்பு வேண்டும். பிடுங்காமல் தப்பிய நானூறு பையிலிருந்து மூன்று மூன்று காம்பு நறுக்கினால் ஆயிரத்து இருநூறு. வாய்க்கால் ஓரத்துக் கீரையும் சாக்கில் போயாகிவிட்டது. கண்டக்டர் அங்கிருந்துதான் ஆரம்பித்திருந்தார். மீதி இரண்டாயிரம் காம்பும் டிப்போ ஆட்களின் வீடுகளில் இருந்தன.

“எல்லாரும் சமைச்சிருப்பாங்களே” என்றார் கண்டக்டர், ஈனசுரத்தில்.

“சமைக்கறது இலையை. காம்பைக் கிள்ளிக் குப்பையில போடுவாங்க. எனக்கு அந்தக் குப்பைதான் வேணும். ஓடுங்க.”

கண்டக்டர் ஓடினார். அவர் நடந்துபோய் ஒவ்வொரு வீடாகத் தட்டியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆனால் முப்பத்தோரு வருஷப் பழக்கம் கை கொடுத்தது. நேராக டிப்போவுக்குப் போய், நேரக் குறிப்பாளரின் மேசை மேல் ஏறி நின்று, பயணிகளிடம் பேசுகிற அதே குரலில் அறிவித்தார்: “எல்லாரும் வீட்டுக்குப் போன் போடுங்க. கீரையைத் தின்னுக்கங்க, காம்பை எனக்குக் குடுங்க. என் சம்சாரத்தோட வேலை அதுல இருக்கு.” முதலில் ஒரே சிரிப்பு. கடைசி வரியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்பது மணியிலிருந்து நாற்றங்கால் நிறுத்தத்தில் இறங்க யாரும் இல்லாத பேருந்துகள்கூட நின்று போயின. படிக்கட்டிலிருந்து ஒரு கை நீளும், கையில் ஒரு பொட்டலம். “அக்கா, காம்பு!” விசில். அடுத்த வண்டி. “இந்தாங்கக்கா, எங்க மாமியாரு குப்பைக்கூடையோட குடுத்துட்டாங்க, நீங்களே பொறுக்கிக்கங்க.” வாழைப்பழத் தோலும் முட்டை ஓடும் கலந்து வந்ததைப் பைக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பிரித்தார். ஒரு வீட்டில் கீரையை முழுசாக ஆட்டுக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் காம்போடு சேர்த்து அரைத்துவிட்டார்கள். ஒரு டிரைவரின் அம்மா காம்புகளை ஏற்கெனவே தொட்டியில் நட்டு வைத்துவிட்டு, “பாதிதான் தருவேன், மீதி என்னுது” என்று போனிலேயே சண்டை போட்டார். பாதி வந்தது.

“நல்ல வேளை, உங்க வீட்டுக்காரர் கிழங்கு எதுவும் புடுங்கல” என்றார் பைக்காரம்மா. “புடுங்கியிருந்தா இப்ப வயித்துல இருந்துதான் எடுத்திருக்கணும்.”

பகல் ஒரு மணிக்குக் காம்புகளை ஈரச் சாக்கில் பரப்பி எண்ணிப் பார்த்தபோது தேவைக்கு நூற்றுச் சொச்சம் அதிகமாகவே இருந்தது. பூவாளியக்கா அப்போதுதான் காலையிலிருந்து முதல் வாய்த் தண்ணீர் குடித்தார்.

நடுவதற்கு ஆள்? அதுவும் பேருந்தில்தான் வந்தது. காலை வேலை முடிந்த ஆறு பேர் சீருடையோடு இறங்கினார்கள். பூவாளியக்கா ஒரு முறைதான் செய்து காட்டினார். நாலு விரல் நீளத்துக்கு வெட்டு. பையின் ஓரத்தில், சந்தனத்தைத் தொடாமல், குச்சியால் ஒரு துளை. இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. விரலால் அழுத்து. அடுத்தது. கண்டக்டர் வரிசைக்கு வரிசை நடந்து மேற்பார்வை பார்த்தார்.

“ரெண்டாவது வரிசையில யாரது, தலைகீழா நட்டிருக்கறது?”

“நான்தாண்ணே.”

“வண்டியையும் இப்படித்தான் பின்பக்கமாவே ஓட்டுறியா?”

“நீங்க புடுங்கினதைத்தானேண்ணே நாங்க நட்டுட்டு இருக்கோம்” என்று இன்னொருவர் சொன்னார். அதோடு கண்டக்டர் வாயை மூடிக்கொண்டு தானும் உட்கார்ந்து நட்டார். வெளிச்சம் போவதற்குள் வேலை முடிந்தது. பூவாளியக்கா நனைத்து முடித்தபோது ஆறு பேரும் சீருடையில் மண்ணோடு வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு காத்திருப்பு. ஆறாம் நாள் காம்புக் கணுக்களில் ஊசிமுனைபோல் சிவப்புத் துளிர் வந்தது. சந்தனம் மட்டும் அசையவில்லை. இலைகள் பளபளப்பை இழந்தன. அடி இலைகள் சில உதிர்ந்தன. கண்டக்டர் தினமும் மனைவிக்கு முன்னால் எழுந்து முதல் பேருந்தில் வந்துவிடுவார். எதையும் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். “என்ன சொல்லுது?” என்று பூவாளியக்கா கேட்டால், “இன்னும் ஸ்டாப்பிங்லயே நிக்குது” என்பார். பதினெட்டாம் நாள் வரை இதே பதில்.

அந்த நாட்களில் பூவாளியக்கா அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஏன் என்று பைக்காரம்மா கேட்டதற்கு, “நான் சொல்லாம விட்டேன், அவர் கேக்காம விட்டாரு. ரெண்டு பேர்ல யார மொதல்ல திட்டறது?” என்றார். உப்பு டப்பா விஷயத்தில் மட்டும் பாக்கி இருந்த திட்டையெல்லாம் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தீர்த்துவிட்டதாகவும் கேள்வி.

பத்தொன்பதாம் நாள் காலை பூவாளியக்கா கேட்டுக்குள் நுழையும்போதே கண்டக்டரின் குரல் கேட்டது. “வண்டி கெளம்பிடுச்சு! வண்டி கெளம்பிடுச்சு!” ஓடிப்போய்ப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஒரு சந்தனத்தின் உச்சியில் புது இலை இரண்டு, ஈரமான பச்சை. பக்கத்துப் பையில் ஒன்று. நாலு பை தள்ளி இன்னொன்று. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு அகப்பட்டுக்கொண்டே இருந்தது. பூவாளியக்கா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றார். கண்டக்டரும் வேர்வை என்றுதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ரேஞ்சர் மேடம் வந்தார். தானே ஐந்து பையை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தார். வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, வேரை உள்ளங்கையில் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இங்க பாருங்கக்கா.”

புதுக் கீரை வேரில் புது முடிச்சுகள். கடுகை விடச் சின்னது, ஆனால் கவ்விவிட்டது. ஐந்து பையிலும்.

“எவ்ளோ போச்சு?”

“நூத்து நாப்பத்திரெண்டு மேடம். மீதி எல்லாம் நிக்குது.”

மேடம் கையைக் கழுவினார். கர்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, கையை உதறிக்கொண்டே சொன்னார்: “மேல எழுதிடறேன். அடுத்த வருஷத்துக்கு விதை எப்ப சேகரிக்கணும்னு சொல்லுங்க. பத்தாயிரம் பை போடலாம்.” பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பி, “சார், நீங்க அப்ப ஊருக்கு எங்கயாவது போயிடுங்க” என்றார். பூவாளியக்கா அன்று சிரித்த சிரிப்பு, பைக்காரம்மா சொல்வதன்படி, நிறுத்தம் வரைக்கும் கேட்டதாம்.

இரண்டரை மாதம் கழித்துச் செடிகள் முழங்கால் உயரம் வந்து, தண்டு பழுப்பேறியதும் லாரி வந்தது. காட்டுக்குள் நடுகிற இடத்துக்கு எல்லாம் பையோடு போக வேண்டும். ஏற்றுவதற்கு வந்த ஆட்கள் புதியவர்கள். அவர்களில் ஒருவர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடு, “இதுல களை இருக்கே, புடுங்கிட்டு ஏத்தவா?” என்று குனிந்தார்.

“யோவ்! கைய வைக்காதே!” லாரியின் மறுபக்கத்திலிருந்து கண்டக்டர் பாய்ந்து வந்தார். “ரெண்டும் சேந்துதான் போகும். அது பாஸ் வெச்சிருக்கு!”

அந்த ஆள் ஒன்றும் புரியாமல் பூவாளியக்காவைப் பார்த்தார். அவர், “ஆமாங்க, பாஸ்தான். ஏத்துங்க” என்றார்.

கடைசிப் பை ஏறியதும் பின்கதவைப் பூட்டினார்கள். கண்டக்டர் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்து, எல்லோரும் ஏறியாகிவிட்டது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரைட், போலாம்.”

லாரி கிளம்பியது. காலியான பாத்தியில், வரிசைக்கு ஒன்றாகச் செருகியிருந்த டிக்கெட் அட்டைகள் விழுந்து கிடந்தன. பூவாளியக்கா அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். பத்தாயிரம் பைக்கு அட்டை போதாது. கண்டக்டரை டிப்போவில் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.